வீட்டுக் கணினியின் பாதுகாப்பும் அந்தரங்கமும்: அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

வடசென்னையின் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய பகுதிகளில் வீடுகளுக்கும் சில டியூஷன் சென்டர்களுக்கும் கணினி அமைத்துக் கொடுப்பதும், அது தகராறு செய்யும்போது போய்ப் பார்ப்பதும் என் வேலை. இயந்திரம் மாறுகிறதே தவிர, பாதுகாப்பு தொடர்பான பழுதுகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும் செலவு கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பார்த்து வாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஆவணங்களையும் புகைப்படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, கணினியும் நகல் டிஸ்க்கும் ஒரே மேசையின் கீழ்த் தட்டில் இருந்து, இரண்டும் சேர்ந்தே நனைந்து போனதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் நகல் டிஸ்க்குக்கு உரிய இடம் பரண்தான்.

## எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருகிறது

முதலில் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். கணினியின் தேதி தவறாக இருந்தால், தளங்கள் காட்டும் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ பிரவுசருக்குத் தெரியும். புது வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் தேதி 2015 ஜனவரி 1 என்று நின்றிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு மாதமாக பல தளங்களில், வங்கித் தளத்திலும்கூட, எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்தியே வேலை பார்த்து வந்திருக்கிறார். தேதியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை விடுவிக்கத்தான் நான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது.

தேதி தவறாக இருந்தால்: நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும்படி அமையுங்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி மறுபடியும் பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். மேசைக் கணினியில் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். மடிக்கணினிகளில் சிலவற்றில் அது ஒயரோடு ஒட்டியிருக்கும் என்பதால், திறந்து பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது.

தேதி சரியாக இருந்தால்: வீட்டு வைஃபையைத் துண்டித்து, செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் எச்சரிக்கை வரவில்லை என்றால் குற்றம் ரூட்டரில் இருக்கிறது. ரூட்டரை ரீசெட் செய்து, வாங்கியபோது இருந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பகுதியில் அறியாத எண்கள் இருக்கின்றனவா என்று இணையச் சேவைக்காரரிடம் கேட்டுச் சரிபாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் வந்தால் ஆன்ட்டிவைரஸையும், விண்டோஸ் 7 போன்ற பழைய இயங்குதளத்தையும் சந்தேகிக்க வேண்டும். குரோம் 2023-இன் தொடக்கத்திலேயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

எல்லாத் தளமும் ஒழுங்காகத் திறந்து, வங்கித் தளம் ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வந்தால், அன்றைக்கு அந்த வேலையை நிறுத்திவிட்டு வங்கிக் கிளையைக் கேளுங்கள்.

## மூலையில் ‘உங்கள் கணினியை வைரஸ் தாக்கியுள்ளது’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறது

என்னை அதிகமாக அழைப்பது இதற்குத்தான். பெரும்பாலும் இது வைரஸ் அன்று, நாமே தெரியாமல் கொடுத்த அனுமதி. இலவசமாகப் படம் பார்க்கவோ தேர்வு முடிவு தேடவோ போன ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்றால் அலோ என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். அதை அழுத்தியதோடு, பிரவுசர் வழியாக எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பும் உரிமையை அந்தத் தளம் பெற்றுவிடுகிறது.

முதல் சோதனை: பிரவுசர் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் நோட்டிபிகேஷன்ஸ் என்பதைத் திறந்தால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். மின்னஞ்சல் போன்று நீங்கள் அறிந்த ஒன்றிரண்டைத் தவிர மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்ற தேர்வையும் அழுத்திவிடுங்கள். பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள்; பலருக்கு இத்தோடு முடிந்துவிடும்.

இன்னும் வந்தால், பிரவுசரில் சேர்த்திருக்கும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கும் அனுமதி எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, ஏன் வைத்திருக்கிறோம் என்று சொல்லத் தெரியாதவற்றை நீக்குங்கள். தமிழில் தட்டச்சு செய்வதற்காக எங்கிருந்தோ இறக்கிய எக்ஸ்டென்ஷனை இந்தப் பட்டியலில் அடிக்கடி காண்கிறேன். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸ், அதற்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தமிழ்99-ஐத் தேர்ந்துகொண்டால் போதும். விளம்பரத் தடுப்புக்கு யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன் ஒன்றே போதுமானது. அதன் முழு வடிவம் குரோமில் இப்போது இயங்குவதில்லை, பயர்பாக்ஸில் இயங்குகிறது என்பதால்தான் வீட்டுக் கணினிகளில் நான் பயர்பாக்ஸைப் போட்டுக் கொடுக்கிறேன்.

அதற்கும் அடங்காவிட்டால் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றை நீக்குங்கள். அதன் பிறகு விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். காசு கொடுக்காமல் விண்டோஸையும் ஆபீஸையும் இயக்கும் ஆக்டிவேட்டர் எதுவும் அந்தக் கணினியில் இருந்தால், நான் ஸ்கேனை நம்பி நிறுத்துவதில்லை, அழித்துப் புதிதாக நிறுவிவிடுகிறேன். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் நிரல், அணைத்திருந்த நேரத்தில் வேறென்ன செய்தது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

திரை முழுவதும் சிவப்பாகி, சைரன் ஒலித்து, ஒரு தொலைபேசி எண் தெரிந்தால் அந்த எண்ணை அழைக்காதீர்கள். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும்; பிறகு பிரவுசரை மூடிவிடலாம். ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன தொலை இயக்க நிரலையும் நிறுவியிருந்தால், ரூட்டரின் மின்இணைப்பை அப்போதே பிடுங்குங்கள். வேறொரு செல்பேசியிலிருந்து வங்கியையும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பதால், கணினியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்கிறது, 11-க்கும் மாற மறுக்கிறது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மறுநாளே கணினி நின்றுவிடாது என்றாலும், அதன் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது.

பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று முதலில் பாருங்கள். இன்டெல் என்றால் ஐ5-8250 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 8 என்பது எட்டாம் தலைமுறையைக் குறிக்கும், ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் இருந்து விண்டோஸ் 11 மறுத்தால், பெரும்பாலும் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு அணைந்திருக்கும். விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் உள்ளதை இயக்கினால் ஒத்துக்கொள்ளும்.

எட்டுக்குக் கீழே என்றால் மூன்று வழிகள் உண்டு. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பை 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும் என்பதால், அந்தரங்கத்தைக் கருதுபவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். இரண்டாவது, லினக்ஸின் ஒரு வடிவமான லினக்ஸ் மின்ட் போடுவது. அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, கட்டணம் இல்லை, கணக்கும் கேட்பதில்லை. அரசு வழங்கிய பழைய இலவச மடிக்கணினியாக இருந்தாலும், 4 ஜிபி ரேம் இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாகவே ஓடும். புதுக் கணினி வாங்குவதை மூன்றாவதாகத்தான் சொல்வேன்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன், குறிப்பிட்ட கணக்கு நிரல் ஆகியவற்றை வைத்துத் தொழில் செய்பவர்கள், அவை லினக்ஸில் இயங்குகின்றனவா என்று பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்காமல் விண்டோஸை அழித்துவிடக் கூடாது.

## லினக்ஸ் போட்ட பின் வைஃபை தெரியவில்லை

ஏர்பிளேன் மோட் விசை அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செல்பேசியை யுஎஸ்பி ஒயரில் இணைத்து, செல்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கை இயக்கி, டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வைஃபையை இயக்கத் தேவையான டிரைவர் நிரலை அதுவே காட்டும். டிரைவர் நிறுவிய பிறகும் வைஃபை வராதவர்கள், மறுதொடக்கத்தின்போது வந்த நீலத் திரையைப் படிக்காமல் தாண்டியிருப்பார்கள். ஒப்புதல் பெற்ற நிரல்களை மட்டுமே ஏறவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில், நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை அந்தத் திரையில் ஒருமுறை கொடுத்தால்தான் டிரைவர் ஏறும். எளிது என்பதற்காகச் செக்யூர் பூட்டை அணைத்துவிடாதீர்கள். டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவினால் அந்தத் திரை மறுபடி வரும். கடைசி வழி, லினக்ஸில் இயங்கும் என்று உறுதி செய்துகொண்டு ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குவது.

## வாங்கிய பழைய மடிக்கணினி வேறு யாருடைய நிறுவனப் பெயரையோ காட்டுகிறது

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் அலுவலக வகை மடிக்கணினிகள் உறுதியானவை, எளிதில் திறக்கக் கூடியவை, உதிரி பாகங்களும் கிடைக்கும். அன்றாட வேலைக்கு 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள அத்தகைய ஒன்றையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் அலுவலகங்களிலிருந்து வரும் இயந்திரங்களில் சில, பழைய முதலாளியின் பிடியிலிருந்து விடுபடாமலே கைமாறுகின்றன.

விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும், ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலைக் கேட்டால், அந்த இயந்திரம் அந்நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் இது போகாது, நிறுவனமே விடுவிக்க வேண்டும். லினக்ஸ் போட்டால் அந்தத் திரை வராது என்பது உண்மைதான்; ஆனாலும் அது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை. பயாஸ் கடவுச்சொல் கேட்பதற்கும் இதே பதில்தான்.

வாங்குமுன் கடையிலேயே செய்ய வேண்டியவை இவை. விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கணக்கு கேட்கும் திரை வரை பொறுமையாகப் பாருங்கள். பிறகு லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவிலிருந்து தொடங்கி, கேமரா, மைக், விசைகள், வைஃபை ஆகியவற்றைச் சோதியுங்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் எஸ்எஸ்டியின் உடல்நிலையும், பவர் ஸ்டாடிஸ்டிக்ஸில் பேட்டரி இப்போது எவ்வளவு தாங்குகிறது என்பதும் தெரியும். வரிசை எண் எழுதிய பில் இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், பழைய நிறுவலை அப்படியே பயன்படுத்தாமல் முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவுங்கள். மின்ட் நிறுவும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் தேர்வு வரும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மறந்தால் மீட்க வழியில்லை.

## ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் கோப்புறைகள் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன

ஷார்ட்கட்டை இருமுறை சொடுக்காதீர்கள், தொற்று அப்போதுதான் கணினிக்குள் ஏறும். உங்கள் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் கணினியில் செருகினால் அவை கண்ணெதிரே இருக்கும். ஆவணங்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே சொடுக்கிவிட்டிருந்தால், மேலே சொன்ன ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.

பென் டிரைவைவிட எனக்குக் கவலை தருவது கடைக் கணினியில் தங்கிவிடும் நகல்தான். ஒரு கடையின் டவுன்லோட்ஸ் கோப்புறையில், அன்று காலையிலிருந்து வந்தவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முழு எண் கேட்காத இடங்களுக்கெல்லாம் அதைக் கொடுங்கள். அச்சிட்டதும் கோப்பை அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யும்வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

## கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் யாரோ கணக்குக்குள் வருகிறார்கள்

பழுதான கணினியிலேயே உட்கார்ந்து மாற்றியிருப்பீர்கள். வேறொரு நல்ல சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மாற்றியதும், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள், ஏனெனில் திருட்டு நிரல்கள் கடவுச்சொல்லோடு நிற்பதில்லை, நீங்கள் உள்ளே நுழைந்திருக்கும் நிலையையே திருடிச் செல்கின்றன. மின்னஞ்சல் என்றால், வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் விதி எதுவும் செட்டிங்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் என்றால் இணைந்த சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அதற்கான செயலியில் வையுங்கள். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்க பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி என்ற நிரல் போதும். இவ்வளவுக்குப் பிறகும் வந்தால், அந்தக் கணினியை முழுதாக அழித்து நிறுவ வேண்டும். பண இழப்போ மிரட்டலோ இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

## சர்வீஸிலிருந்து வந்த கணினி 48 இலக்க எண் கேட்கிறது

இது, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண். மதர்போர்டு மாறினாலும், பயாஸில் சில அமைப்புகளைத் தொட்டாலும் விண்டோஸ் இதைக் கேட்கும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது என்பதால், இது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. செல்பேசியில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால் அவர்களிடம் இருக்கும். எங்கும் கிடைக்காவிட்டால் எந்த வல்லுநராலும் அந்தத் தரவைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

## திடீரென்று அணைகிறது, அல்லது திரையே வரவில்லை

கடலோரத்துக் கணினிகளுக்கு உப்புக் காற்று ஒரு தனி நோய். காசிமேட்டில் திறந்து பார்த்த ஒரு மேசைக் கணினியில், ரேமின் பொன்னிறத் தொடுமுனைகள் பாசி படிந்தது போலப் பச்சையாக இருந்தன. மின்இணைப்பைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகியதும் திரை வந்துவிட்டது. சூடாகி அணைந்தால் விசிறியில் தூசி அடைந்திருக்கும், சுத்தம் செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்; அதற்குமேல் அது தரவு மீட்பவரின் வேலை.

கடையில் கொடுக்கும் நிலை வந்தால், டிஸ்க்குக்குத் தொடர்பில்லாத பழுதுக்கு அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள். கழற்ற முடியாவிட்டால் நகல் எடுத்து, மீட்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, சோதிப்பதற்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதன் கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்கள். ‘என்னைக் கேட்காமல் விண்டோஸை மாற்ற வேண்டாம்’ என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கீபோர்டு மாற்றக் கொடுத்த ஒரு மடிக்கணினி, ஆக்டிவேட்டர் போட்ட புது விண்டோஸோடு திரும்பி வந்ததை நான் அனுபவித்திருக்கிறேன். ஆகவே வாங்கி வந்ததும், எந்தக் கணக்கிலும் நுழைவதற்கு முன், இணையத்தில் இணைக்காமலேயே நிரல் பட்டியலையும் பயனர் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் போடாத தொலை இயக்க நிரலோ புதிய பயனரோ தெரிந்தால், அன்றைக்கே அழித்து நிறுவிவிட்டு, அதன் பிறகு மின்னஞ்சலைத் திறவுங்கள்.